மீன் செத்ததற்குக் கட்டமில்லை

விஜயகுமாரியின் கண்ணுக்குத் தப்பி ஒரு கொசுப்புழு பிழைத்துவிட முடியாது என்று வீரபாண்டிப் பக்கத்துத் தெருக்களில் ஒரு பேச்சு உண்டு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டி நிற்கிற தட்டு, மொட்டை மாடியில் கவிழ்க்க மறந்த கொட்டாங்குச்சி, சாமி படத்துக்குக் கீழே பூ அழுகிய சொம்பு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், யாரும் மாவாட்டாமல் மழைநீர் தேங்கிக் கிடக்கிற ஆட்டுக்கல் குழி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்ப்பாள். புழு தென்பட்டால் வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. உங்க ஊட்டுக்குப் புதுசா குடி வந்திருக்கறாங்க. வாடகை பேசிட்டீங்களா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே தொட்டியைக் கவிழ்ப்பாள். கோபப்படுகிறவர்களும் உண்டு. "கொசுக்காரம்மா வந்துட்டா, கதவச் சாத்து" என்று உள்ளேயிருந்து குரல் வரும். விஜயகுமாரி அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. மாநகராட்சியின் கொசு ஒழிப்பு வேலையில் ஒன்பது வருடம் வெயிலில் நடந்தவளுக்குப் பெயர் ஒரு பொருட்டா? பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்குத் தாங்காது. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். தேதி, புழு உண்டா இல்லையா, தண்ணீரில் குளோரின் உண்டா இல்லையா, கையெழுத்து. கூட வேலை செய்கிற கருப்பாத்தாள் கேட்டில் நின்றபடியே நாலு வாரத்துக்குச் சேர்த்து எழுதிவிட்டுப் போவாள். "புழுவு எங்க சாமி ஓடிப் போகுது, அங்கதான் கெடக்கும்" என்பாள். விஜயகுமாரிக்கு அது வராது. அவள் எழுதிய ஒவ்வோர் 'இல்லை'யும் அவள் கண்ணால் பார்த்த இல்லை.

அப்படிப்பட்டவளுக்குக் கந்தவேல் காம்பவுண்டு என்றால் தனிப் பிரியம்.

எதிரெதிரே ஏழு ஏழாகப் பதினாலு வீடு. நடுவில் பெரிய சிமென்ட் தொட்டி. ஒரு மூலையில் போர் மோட்டார் அறை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைப் பட்டறை, பனியன் துணிக்கு வெள்ளை ஏற்றுகிற இடம். தெருமுனைக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை வரும். வந்தாலும் கம்பெனிக்குப் போய்விட்டவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே பதினாலு வீட்டுக்கும் குளிக்க, துவைக்க, பாதி நாள் சோறாக்கவும் குடிக்கவும்கூடப் போர்த் தண்ணீர்தான். எல்லோரும் டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். பாதி டிரம்முக்கு மூடி கிடையாது. வேறெந்தத் தெருவாக இருந்தாலும் நாலாம் நாள் புழு நெளியும். இங்கே பதினொரு மாதமாக ஒரு புழுகூட இல்லை.

முதலில் அவளுக்கே சந்தேகம். ஒரே டிரம்மை இரண்டு தடவை வடிகட்டிப் பார்த்தாள். வெறும் தண்ணீர். பிறகு அந்தச் சந்தேகம் போய், ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றத் தெருக்களில் சண்டை வந்தால், "கந்தவேல் காம்பவுண்டப் போய்ப் பாருங்க, அங்கயும் டிரம்முதானுங்க வெச்சிருக்கறாங்க" என்பாள். சுதந்திர தினத்தன்று சுகாதாரப் பிரிவு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'கொசுப்புழு இல்லாத பகுதியை உருவாக்கியமைக்காக.' அவள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

தண்ணீர்ச் சோதனையும் அங்கே ஒரு சின்னத் திருவிழா மாதிரி நடக்கும். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஐந்து சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். நிறமே வராவிட்டால் பிளீச்சிங் பவுடர் போடவில்லை என்று அர்த்தம். கந்தவேல் காம்பவுண்டில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மாரியம்மன் நோன்பில் ஊற்றிக்கொள்கிற மஞ்சள் தண்ணீர் மாதிரி பளிச்சென்று வரும். விஜயகுமாரி குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மஞ்சள் வந்தா மங்கலமுங்க" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள்.

ஒன்பதாம் நம்பர் வீட்டுத் தமிழ்மதி மட்டும் சிரித்துவிட்டு ஏதாவது சொல்வாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்டுப்போன பீஸை ஒரு பார்வையில் ஒதுக்குகிற கண். அவளுடைய நாலு வயது மகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத சிரங்கு. அவளுக்கே வயிற்றில் ஓயாத எரிச்சல். காம்பவுண்டில் பாதிப் பேருக்கு விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. கம்பெனிச் சாயம், ஒத்துக்கொள்ளாத சோப்பு, ஊர் மாறி வந்த உடம்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"ஏங்க்கா, எங்க டிரம்முல மட்டும் ஏன் புழு வரமாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டாள் தமிழ்மதி.

"நீங்க சுத்தமா வெச்சிருக்கறீங்க கண்ணு."

"நாங்களா? ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து டிரம்மத் தேய்க்கிறமாக்கும். கொசுவுக்கே பிடிக்காத தண்ணியைத்தான் நாங்க குடிச்சுக்கிட்டு இருக்கோம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். விஜயகுமாரிதான் உரக்கச் சிரித்தாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் அலுவலகத்தில் மீன் கொடுத்தார்கள். கம்பூசியா என்று பெயர். கொசுப்புழுவைத் தின்கிற, விரல் நகத்தளவு மீன். பெரிய தொட்டிகளில் விடச் சொன்னார்கள். பாலிதீன் பையில் நாற்பது மீனை வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போய், கந்தவேல் தொட்டியில் விட்டாள். பதிவேட்டில் 'மீன் விட்டது' என்ற கட்டத்தில் 40 என்று எழுதினாள். மறுவாரம் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. மீன்கொத்தி தின்றிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி நாற்பது விட்டாள். மறுபடி இல்லை. பூனையாக இருக்கும்.

மூன்றாம் தடவை விட்டுவிட்டு, அட்டைகளில் எழுதப் போனாள். பதினாலு வீட்டுக்கும் அட்டை எழுத அரைமணி நேரம் பிடிக்கும். எழுதி முடித்துக் குடையை எடுக்கத் தொட்டிப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். மீன்கள் எல்லாம் மேலே வந்திருந்தன. வயிறு வெளுத்து, பக்கவாட்டில் சாய்ந்து, மோட்டார் தண்ணீர் விழுகிற அலையில் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு மீன் மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நிறுத்திக்கொண்டது.

மீன்கொத்தியும் பூனையும் ஒரு பாவமும் செய்யவில்லை. செத்த மீன்களை யாரோ ஒவ்வொரு தடவையும் குவளையால் அள்ளி வீசியிருக்கிறார்கள்.

மோட்டார் அறைக்குப் பூட்டு கிடையாது, ஒரு கட்டுக்கம்பிதான். முறுக்கைப் பிரித்து உள்ளே போனாள். மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை நின்றது. பதினொரு மாதத்துக்கு முன் அவளே கொண்டுவந்து கொடுத்தது. 'கந்தவேல் காம்பவுண்டு' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது அவள் கையெழுத்து. வாய்த் தையல்கூடப் பிரியவில்லை. காலால் தள்ளினாள். கல்லாக இறுகியிருந்தது. வாரா வாரம் கேட்கும்போதெல்லாம், "மறக்காமப் போட்டுட்டு இருக்கறமுங்க" என்று கைகூப்பிச் சொன்ன மனிதர், காம்பவுண்டின் சொந்தக்காரர் கந்தவேல்.

அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

மோட்டார் அறையின் பின் ஜன்னலுக்கு வெளியே சலவைப் பட்டறையின் சுவர். சுவரில் ஒரு துளை. துளையிலிருந்து கை மொத்தத்துக்கு ஒரு குழாய் இறங்கி, எப்போதோ கைவிட்ட பழைய போர்க்குழிக்குள் போயிற்று. கந்தவேலின் இடத்தில்தான் அந்தக் குழி. புதுப் போருக்கும் அதற்கும் பத்தடிகூட இருக்காது. அந்தக் குழியிலிருந்து பிளீச்சிங் வாசனை வந்தது. விஜயகுமாரிக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. பதினொரு மாதமாக அந்தக் காம்பவுண்டுக்குள் நுழையும்போதெல்லாம் மூக்கில் ஏறிய வாசனை. சுத்தமான இடத்தின் வாசனை என்று அவள் நினைத்திருந்தாள்.

சுகாதார ஆய்வாளர் பூபாலனிடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது.

"மஞ்சள் வந்துச்சா இல்லையாம்மா?"

"வந்துச்சுங்க சார். ஆனா அது நம்ம போட்ட குளோரின் இல்லீங்க. பட்டறைத் தண்ணி எறங்குதுங்க."

"அந்த மருந்துக்கு நம்முளுது பட்டறையுதுன்னு தெரியுமா? மஞ்சளாகறதுக்கு எதோ ஒண்ணு. புழு இருந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் என்னம்மா?"

"மீன் செத்துருச்சுங்க. மூணு தடவ. நூத்தியிருவது மீன்."

பூபாலன் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். "நீ 'விட்டது நாப்பது, விட்டது நாப்பது'ன்னுதான எழுதியிருக்கற. செத்தது எங்க எழுதியிருக்கற?"

"செத்ததுக்குக் கட்டம் இல்லீங்களே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர், தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே.

அன்று சாயங்காலம் அவள் மறுபடி காம்பவுண்டுக்குப் போனாள். தமிழ்மதி வாசலில் உட்கார்ந்து மகளின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தான் கண்ணு" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"கொசுவுக்கே புடிக்காத தண்ணின்னு."

தமிழ்மதி முழுதையும் கேட்டாள். கடைசியில், "பதினோரு மாசமா மங்கலம் மங்கலம்னு சொன்னீகளே அக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தையல் விட்ட பீஸைப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு எழுந்து உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள். "சொல்லுங்க. எழுதுவோம்."

திங்கட்கிழமை மனு நாளில் பதினாலு வீட்டார் கையெழுத்தோடு மனு போயிற்று. பட்டறைக் குழாயை அடைக்க வேண்டும், போர்த் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும், காம்பவுண்டுக்குள் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும். மேலதிகாரி புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அன்றைக்கே செய்தி வந்தது. தமிழ்மதிக்கு வந்த செய்தி கந்தவேலுக்கும் வந்திருக்கும் போல. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பட்டறைக் குழாயைக் காணோம். சுவரில் ஈரம் காயாத சிமென்ட் பூசியிருந்தது. தொட்டியை வடித்துக் கழுவி, ஒரு லாரி ஆற்றுத் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தார் கந்தவேல். "குடியிருக்கறவங்க மனசு கோணக் கூடாதுங்க. நம்ம ஊட்டு ஆளுகளாட்டத்தான" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்.

தமிழ்மதி அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உடனே தன் நீல டிரம்மைத் தேய்த்துக் கழுவி விளிம்பு வரை நிரப்பி வைத்துக்கொண்டாள். நல்ல தண்ணீர். மகளுக்குக் கொஞ்ச நாளைக்காவது ஆகும்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். கூடவே பூபாலன். கந்தவேல் பதினாலு அட்டைகளையும் கதவுகளிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்த வெற்றிலை மாதிரி அடுக்கி நீட்டினார்.

"பாருங்க சார். பதினோரு மாசம். ஒரு வாரங்கூட உடலீங்க. புழு இல்லை, குளோரின் உண்டு. எல்லாம் இந்தம்மா கையெழுத்துதானுங்க. ரொம்ப நேர்மையான அம்மாவுங்க. இவங்களுக்குச் சர்ட்டிபிகேட்டே குடுத்திருக்கறீங்க."

அதிகாரி அட்டைகளைப் புரட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சார்."

"பார்த்துத்தான் போட்டீங்களா? பார்க்காம போட்டீங்களா?"

விஜயகுமாரி தமிழ்மதியைப் பார்த்தாள். பார்க்காமல் போட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், அந்தப் பதினாலு அட்டையும் வெறும் அட்டையாகிவிடும். வேலையும் போய்விடும். வேலை போவதைப் பற்றிக்கூட அவள் அந்த நேரம் நினைக்கவில்லை. ஒன்பது வருடமாக யார் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று காத்து வந்த சொல் அது. தன் வாயிலிருந்தே அது வர மறுத்தது.

"பார்த்துத்தானுங்க சார் போட்டேன்" என்றாள். "ஆனா சார், அந்தத் தண்ணி வேறங்க. இப்பத் தொட்டில இருக்கறது லாரித் தண்ணிங்க. மீன் விட்டனுங்க சார், எல்லாம்..."

"இப்ப டெஸ்ட் பண்ணுங்க."

அவள் குழாயில் தண்ணீர் பிடித்தாள். ஐந்து சொட்டு விட்டாள். குலுக்கினாள். நிறம் வரவில்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தொட்டியில் குடிக்கிற தண்ணீர் இருந்தது, அது சோதனையில் தோற்றது.

"குளோரினே இல்லையே" என்றார் அதிகாரி, முகத்தைச் சுளித்து.

"இன்னைக்கே பவுடர் போட்டர்றமுங்க சார்" என்றார் கந்தவேல். "மூட்டையே இருக்குதுங்க."

"சார், அதானுங்க, இது வேற தண்ணி" என்றாள் விஜயகுமாரி.

"தண்ணியில என்னம்மா வேற தண்ணி, சொந்தத் தண்ணி" என்றார் பூபாலன் மெதுவாக. அது அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

தமிழ்மதி மகளைத் தூக்கி வந்து அதிகாரியின் முன்னால் நிறுத்தினாள். அவர் குனிந்து காலைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பிறகு வண்டி ஏறினார். மாதிரிக்கு எடுத்துப் போன பாட்டிலில் லாரித் தண்ணீர்தான் போயிற்று. தமிழ்மதி எழுதிய மனுவின் மேல், 'கள ஆய்வு செய்யப்பட்டது. கடந்த பதினொரு மாதப் பதிவுகளின்படி நீர் பாதுகாப்பானது' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து விஜயகுமாரி சோதனைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. தமிழ்மதி கேட்டிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வந்து பாருங்கக்கா."

நீல டிரம்மில் லாரித் தண்ணீர் பாதி இருந்தது. விஜயகுமாரி டார்ச்சை அடித்தாள். புழு. ஒன்றிரண்டு இல்லை. தலைகீழாகத் தொங்கி, வெளிச்சம் பட்டதும் உடம்பை வளைத்து வளைத்து அடியை நோக்கி இறங்கின. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கோயில் குளத்தில் மீன் பார்ப்பது போல எல்லோரும் அந்த டிரம்மைச் சுற்றி நின்றார்கள்.

"உசுரு இருக்குக்கா இந்தத் தண்ணியில" என்றாள் தமிழ்மதி. "எழுதுங்க. லாரித் தண்ணியில ஒரு வாரத்துல புழு. போர்த் தண்ணியில பதினோரு மாசமா ஒண்ணுங்கூட இல்ல. இத விட அவுகளுக்கு என்ன சாட்சி வேணும்?"

"புழு உண்டுன்னு எழுதுனா உம்பேருக்கு நோட்டீசு வரும் கண்ணு. கொசு வளத்துனன்னு."

"வரட்டும். நீங்க பாத்தத எழுதுங்க."

விஜயகுமாரி எழுதினாள். ஒன்பதாம் நம்பர் வீட்டு அட்டையில், இல்லை இல்லை இல்லை என்று இறங்கி வந்த வரிசையின் கீழே, 'உண்டு' என்று. பக்கத்தில் விளிம்பில் பொடி எழுத்தில், 'இது லாரித் தண்ணீர். போர்த் தண்ணீரில் மீன் சாகிறது' என்றும் எழுதினாள். பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

விளிம்பை யாரும் படிக்கவில்லை. கட்டத்தை எல்லோரும் படித்தார்கள். மூன்றாம் நாள் தமிழ்மதியின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'டெங்கு கொசு உற்பத்திக்குக் காரணமாக இருந்தமைக்காக.' மருந்தடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்து நீல டிரம்மைச் சாய்த்துக் கவிழ்த்தார்கள். நல்ல தண்ணீர் வாசல் வழியே ஓடிச் சாக்கடையில் இறங்கியது. கந்தவேல் தூரத்தில் நின்று, "சுத்தமா வெச்சுக்கோணுமுங்க. மத்த ஊட்டுக்காரங்களப் பாருங்க" என்றார். அவர் குரலில் ஒரு மேடு பள்ளம் இல்லை.

சுவரில் பூசிய சிமென்ட் காய்ந்து உதிர்ந்தது. அல்லது உதிர்த்தார்கள். குழாய் பழைய இடத்தில் தொங்கியது. தமிழ்மதி அதைப் படமெடுத்து அனுப்பினாள். மனு ஏற்கெனவே முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் விஜயகுமாரி போனபோது டிரம்மில் போர்த் தண்ணீர் இருந்தது. புழு இல்லை. குழாயில் பிடித்து ஐந்து சொட்டு விட்டாள். குலுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"என்ன கலரு அக்கா?" என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள் தமிழ்மதி. வெளியே வரவில்லை.

விஜயகுமாரி தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். அட்டையில் தேதி எழுதினாள். புழு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள், அவள் பார்த்தது அது. குளோரின் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதைக் காலியாக விட்டு, பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டாள். பதினாலு அட்டையிலும், அலுவலகப் பதிவேட்டிலும் அப்படியே விட்டாள்.

வெள்ளிக்கிழமை பூபாலன் அவளை மேஜைக்குக் கூப்பிட்டார். பதிவேடு திறந்திருந்தது.

"கட்டத்தக் காலியா உடக் கூடாதும்மா. மேல கேப்பாங்க" என்றார்.

"எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியலீங்க சார்."

"மஞ்சள் வந்துச்சா?"

அவளுக்குப் பொய் சொல்ல இப்போதும் வரவில்லை.

"வந்துச்சுங்க சார்."

பூபாலன் தன் பேனாவை எடுத்தார். பதினாலு கட்டங்களிலும் 'உண்டு', 'உண்டு' என்று நிதானமாக, வரிசை பிசகாமல் எழுதிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு 'உண்டு'க்கும் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.